நாய்க்கு எறியும் ஈரலும் குழந்தையின் மூளையும்

ஆடறுக்கும் இடத்தில் நாய்கள் காத்து நிற்பது நமக்குப் பழகிப்போன காட்சி. நீர்க்கட்டி கண்ட ஈரலையும் நுரையீரலையும் விலைக்கு ஆகாதென ஒதுக்கி அவற்றின் முன் எறிகிறோம். வாயில்லா ஜீவனுக்கு இரங்கியதாகவும் எண்ணிக்கொள்கிறோம். அங்கத்தினர்கள் இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

அக்கட்டியினுள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம் பருவம். நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர் நீளமே வளரும். நாய்க்கு நோவு தெரியாது. மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் உரோமத்திலும் மண்ணிலும் கீரையிலும் ஒட்டி, குழந்தையின் வாயை அடைகின்றன. நோயுற்றோரில் நூற்றுக்கு ஓரிருவருக்கே மூளையில் கட்டி உண்டாகிறது. அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என நோய் வெளிப்படும் வேளையில் கட்டி பெரிதும் வளர்ந்துவிட்டிருக்கும்.

அதன் சுவரோ மிக மெல்லியது. ஆர்ஜென்டினாவின் டௌலிங் 1929-இல் விவரித்த முறையை ஒட்டி, வைத்தியர்கள் மண்டையோட்டை அகலத் திறந்து, கட்டிக்கும் மூளைக்கும் இடையே உப்புநீரை மெல்லச் செலுத்தி, தலையைத் தாழ்த்தி, கட்டி தானாக நழுவி வரச் செய்கின்றனர். கத்தி நுனி பட்டு அது உடைந்தால், உள்ளிருக்கும் நீரால் கடும் ஒவ்வாமை நேர்ந்து குழந்தை மேசையிலேயே உயிரிழக்கலாம். சிந்திய துளிகளிலிருந்து புதிய கட்டிகள் முளைக்கலாம். முழுதாக எடுத்த பின்னும் கவலை தீர்வதில்லை. கட்டி இருந்த பெருங்குழியில் நீர் தேங்கலாம், இரத்தம் கசியலாம், மூளை சரியலாம், வலிப்பு தொடரலாம். இத்துணை நுட்பமும் ஒரு துண்டு ஈரலுக்காக!

ஐஸ்லாந்தில் 1863-இல் டென்மார்க்கின் கிராப்பே நாய்களை ஆராய்ந்தார். பின்னர் விளக்கப் பிரசுரம் மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நாளடைவில் அந்நோய் அங்கு ஒழிந்தது. நியூசிலாந்தோ 1959-இல் தனிச் சட்டம் இயற்றி, நாய்களுக்கு முறையாகப் புழு மருந்து கொடுத்து, 2002-இல் தாற்காலிகமாக நோயற்ற நாடென அறிவித்தது. இரண்டுமே ஆடு வளர்க்கும் நாடுகள் என்பதைக் கவனிக்க.

நாயை விரட்டச் சொல்லவில்லை. பட்டிக்கு நாய் வேண்டும். கால்நடை மருத்துவரிடம் பிராசிகுவான்டெல் மருந்து பெற்று அதற்குக் கொடுக்கலாம். கழிவு உறுப்புகளை நாய் தோண்ட இயலாத ஆழத்தில் புதைக்க வேண்டும்; குழி வெட்டும் கூலியைச் சங்கமே ஏற்பது நியாயம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரிக்க எண்ணியுள்ளேன். ஆமோதிக்க அங்கத்தினர் ஒருவர் முன்வருவாராக.