அந்த வெள்ளைப் புள்ளி கடலைத் தொடவில்லை

முப்பத்து நான்கு விநாடி ஓடும் கறுப்பு வெள்ளைக் காட்சி அது. அடியில் அலைகளின் வரி தெரியும் கடல். அதற்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி குறுக்கே பாய்கிறது. கேமரா அதைப் பிடிக்கப் பார்க்கிறது, நழுவ விடுகிறது, மறுபடி முயல்கிறது, கடைசியில் பிடித்துக்கொள்கிறது. அதைப் படம்பிடிக்கும் விமானத்தில் இருப்பவர்கள் சந்தோஷத்தில் கூவுகிறார்கள். 'கோ ஃபாஸ்ட்' என்று பெயர் பெற்ற இந்தக் காணொலி தமிழ் விளக்கக் குரலோடு என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பையன். "சார், இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கூடவே ஒரு கேள்வி.

அந்த விளக்கக் குரல் சொன்னதும், உலகம் முழுக்கச் சொல்லப்படுவதும் ஒன்றுதான். கடலை உரசியபடி ஒரு பொருள் பறக்கிறது. மனிதன் செய்த எந்த விமானமும் எட்ட முடியாத வேகம். சிறகில்லை, எஞ்சின் சூடில்லை. அமெரிக்கக் கடற்படையே ஒப்புக்கொண்டுவிட்டது. தேர்ந்த விமானிகளே திகைத்துப் போனார்கள். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க விரும்புகிறேன். மறுப்பதற்கு வேண்டிய எண்கள் அந்தத் திரையிலேயே இருக்கின்றன. பார்த்த கோடிக்கணக்கான கண்களில் மிகச் சிலவே அவற்றைப் படித்தன என்பதுதான் என்னை வருத்துகிறது.

'கடற்படையே ஒப்புக்கொண்டது' என்பதை முதலில் முடித்துவிடலாம். 2015 ஜனவரியில், ஃபுளோரிடா கரைக்கு அப்பால், தியோடர் ரூஸ்வெல்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த எஃப்/ஏ-18 போர் விமானம் ஒன்று இதைப் படம் பிடித்தது. ராக் இசைக் கலைஞர் டாம் டிலாங் நிறுவனர்களில் ஒருவராக இருந்த 'டு த ஸ்டார்ஸ்' என்ற அமைப்பு 2018 மார்ச்சில் இதை வெளியிட்டது. 2020 ஏப்ரல் 27 அன்று பென்டகன் தானே இதையும் வேறு இரண்டு காணொலிகளையும் முறைப்படி வெளியிட்டது. அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது, காணொலி போலியல்ல, கடற்படை எடுத்ததுதான் என்பது. அதில் தெரிவது என்ன என்று அடையாளம் காணவில்லை என்றும் சொன்னார்கள். அவ்வளவே. அடையாளம் காணாத ஒன்றைப் பற்றி, அது இத்தனை வேகத்தில் போனது, இன்ன உயரத்தில் போனது என்று பென்டகன் அப்போது எந்தச் சான்றிதழும் தரவில்லை.

இனி உயரம். மொத்தக் கோட்டையும் நிற்பது இந்த ஒரு கல்லின் மேல்தான் என்பதால் இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முக்கோணவியல் பாடத்தில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்று ஒரு பகுதி உண்டு. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று கடலில் ஒரு படகைப் பார்க்கிறோம். இறக்கக்கோணம் இத்தனை பாகை. படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? படித்தவர்கள் எல்லோரும் போட்ட கணக்கு. அந்தப் பையன் காணொலியை அனுப்பிய மறுநாள், திரையில் இருந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் 26 பாகை. பொருளுக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள தூரம் 4.4 கடல் மைல். எழுதி முடிப்பதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "சார், இது நம்ம கலங்கரை விளக்கக் கணக்குதானே?" என்றாள். அதேதான்.

ஒரு கடல் மைல் 6,076 அடி. 4.4 கடல் மைல் என்றால் ஏறத்தாழ 26,700 அடி. சைன் 26 பாகையின் மதிப்பு 0.438. இரண்டையும் பெருக்கினால் சுமார் 11,700 அடி. விமானத்துக்கு இவ்வளவு கீழே அந்தப் பொருள் இருக்கிறது. 25,000-இல் 11,700 போனால் மீதி 13,300 அடி. கடலை உரசுவதாகச் சொல்லப்பட்ட பொருள் கடலுக்கு மேலே நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பிள்ளைகள் நம்பவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டார்கள். பிறகு காணொலியின் கடைசிப் பகுதிக்குப் போனோம். அங்கே கோணம் சுமார் 35 பாகை, தூரம் சுமார் 3.4 கடல் மைல். அதைப் போட்டாலும் 13,000 அடியைச் சுற்றித்தான் விடை வந்தது. ஆக அந்தப் பொருள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

2023 செப்டம்பரில், இப்படி அடையாளம் காணப்படாத பொருள்களை ஆராய வானியற்பியலாளர் டேவிட் ஸ்பெர்ஜெல் தலைமையில் நாசா அமைத்த 16 பேர் கொண்ட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அதிலும் உயரம் 13,000 அடி என்றே இருந்தது. 2024 நவம்பரில் இதே ஆய்வுக்கான பென்டகன் அலுவலகத்தின் இயக்குநர் ஜான் கோஸ்லோஸ்கி அமெரிக்க செனட் குழுவின் முன் இதே உயரத்தைத்தான் சொன்னார். வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து போட்டவர்களுக்கு ஒரே விடை வந்ததில் அதிசயம் இல்லை, எல்லோரும் ஒரே முக்கோணத்தைத்தான் வரைந்தார்கள்.

'தூரத்தைக் காட்டும் அந்த 4.4 தவறாக இருந்தால்?' என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. பொருள் உண்மையிலேயே கடல்மட்டத்தில் இருந்திருந்தால், 26 பாகைக் கோணத்தில் அதன் தூரம் 9.4 கடல் மைலாக இருந்திருக்க வேண்டும். கடைசியில், 35 பாகையில், 7.2 இருந்திருக்க வேண்டும். திரை காட்டியதோ இரண்டு இடத்திலும் அதில் ஏறத்தாழ பாதி. கருவி பிழையாகக் காட்டியது என்றால், இரு வேறு கணங்களில் பிழை செய்தும் ஒரே உயரம் வரும்படி பிழை செய்தது என்று நம்ப வேண்டும். என்னால் முடியவில்லை.

உயரம் போனதும் வேகமும் கூடவே போய்விடுகிறது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது சாலையோரப் புளியமரங்கள் பின்னோக்கிப் பறக்கும், தூரத்து மலை மெல்ல நகரும், நிலா நம்மோடு கூடவே வரும். மரமும் ஓடவில்லை, நிலாவும் ஓடவில்லை, ஓடுவது நாம். பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்துத் தவறான அளவு எழுதியதற்கு ஆசிரியர் சொன்ன காரணம் நினைவிருக்கிறதா? இடமாறு தோற்றப் பிழை. இங்கே நடப்பதும் அதேதான், வானத்தின் அளவில். கேமரா பொருளைப் பிடித்துக்கொண்ட பிறகு அது திரையின் நடுவிலேயே நிற்கிறது. ஓடுவது பின்னால் இருக்கும் கடல். அந்தக் கடலோ, பார்வைக்கோட்டின் வழியே அளந்தால், பொருளுக்கு அப்பால் ஐந்து கடல் மைல் தள்ளி, அதாவது ஒன்பது கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் கிடக்கிறது. விமானமோ மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. கடல் ஓடும் அந்த வேகம் பெரும்பகுதி விமானத்தின் வேகம். பார்ப்பவர் மனம் அதை எடுத்துப் புள்ளியின் கணக்கில் எழுதிவிடுகிறது.

நாசா குழு 22 விநாடிப் பகுதி ஒன்றை எடுத்துக் கணக்கிட்டது. அந்த நேரத்தில் பொருள் நகர்ந்தது சுமார் 390 மீட்டர். மணிக்கு 64 கிலோமீட்டர். அதே 22 விநாடியில் விமானம் கடந்தது நான்கு கிலோமீட்டருக்கும் அதிகம். விமானத்தின் துல்லியமான பாதையையும் அன்றைய காற்றையும் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த 64 கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் அந்த உயரத்தில் காற்று சர்வசாதாரணமாக வீசும் வேகமே அதுதான். காற்றோடு மிதந்து போகும் ஒன்று இப்படித்தான் போகும். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் கார்கள் இதைவிட வேகமாகப் போகின்றன.

எஞ்சின் சூடு இல்லாமல் பறக்கிறது என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை. சூடு இல்லைதான். இதைப் படம் பிடித்த அகச்சிவப்புக் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, வெப்ப வேறுபாட்டைப் பார்க்கிறது. சூடானது வெள்ளையாகத் தெரிய வேண்டுமா, கறுப்பாகத் தெரிய வேண்டுமா என்பதைக் கேமராவை இயக்குபவர் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் காணொலியில் கறுப்புதான் சூடு என்று வைத்திருப்பது திரையிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த வெள்ளைப் புள்ளி தகிக்கும் ஒன்றல்ல, பின்னால் உள்ள கடலைவிடக் குளிர்ந்த ஒன்று. 13,000 அடி உயரத்தில் காற்று உறைநிலையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது வழக்கம். அங்கே தன் பாட்டுக்கு மிதக்கும் ஒன்று அந்தக் காற்றைப் போலவே குளிர்ந்திருக்கும். சூடு உமிழாமல் அசுர வேகத்தில் போகும் ரகசிய எஞ்சின் என்று வாதிடுபவர்கள் அசுர வேகத்தை ஏற்கெனவே கைவிட்டிருக்க வேண்டும். வேகமே இல்லாதபோது எஞ்சின் எதற்கு?

சிறகு தெரியவில்லை என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அந்தக் கேமராவின் மிகக் குறுகிய பார்வைப்புலம் 0.7 பாகை. எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் திரையின் முழு அகலமும் ஏறத்தாழ 100 மீட்டர். அதில் ஒரு துளியாகத் தெரிவது ஓரிரு மீட்டர் அளவுள்ள பொருள். அந்தத் தொலைவில் அதற்குச் சிறகு இருந்தாலும் தெரியாது.

தேர்ந்த விமானிகளின் திகைப்பைக் காட்டுகிறார்களே, அதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் வாதம். அவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. குரலில் கேட்பது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது என்ன? உள்ளங்கை அகலத் திரையில், ஊசித்துளை வழியாகப் பார்ப்பது போன்ற ஒரு காட்சி. கேமரா பிடித்துக்கொள்ளும் வரை தூரம் என்ற எண்ணே திரையில் வரவில்லை. வந்த பிறகு மிச்சம் இருந்தது அரை நிமிடம்கூட இல்லை. மணிக்கு 700 கிலோமீட்டரில் பறந்துகொண்டே யாரும் சைன் அட்டவணை பார்க்க முடியாது. அந்தக் கணத்தின் வியப்பை அவர்களிடமிருந்து பிடுங்கி, ஆண்டுக்கணக்கில் சான்றாக விற்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

அனுபவமும் ஆய்வுக் குழுவும் சேர்ந்தே தவறிய சம்பவம் ஒன்று சிலி நாட்டில் நடந்தது. 2014 நவம்பர் 11 பிற்பகல், சாந்தியாகோவுக்கு மேற்கே கடலோரமாகப் போன கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று, அகச்சிவப்புக் கேமராவில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஒரு பொருளைப் படம் பிடித்தது. இரண்டு சூடான ஒளிப்பொட்டுகள்; இரண்டு முறை பின்னால் நீளமாக ஏதோ பீறிட்டது. ஹெலிகாப்டரைக் கண்ட ரேடார்கள் அந்தப் பொருளைக் காணவில்லை. விமானப் போக்குவரத்துத் துறையின் கீழ் இயங்கிய குழு, ஜெனரல் ரிக்கார்டோ பெர்முதேஸ் தலைமையில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தது. அது பயணிகள் விமானமாக இருக்கலாம் என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் சொன்னதைக்கூட, ரேடாரைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டு, விளக்க முடியாதது என்று 2017 ஜனவரியில் வெளியிட்டது.

சில நாட்களில் விடை வந்தது. மிக் வெஸ்ட் என்பவர் நடத்தும் மெட்டாபங்க் என்ற இணையதளத்தில் கூடிய ஆர்வலர்கள், திரையில் இருந்த நேரத்தையும் இட அளவுகளையும் அன்றைய விமானப் பாதைப் பதிவுகளோடு பொருத்தினார்கள். சாந்தியாகோவிலிருந்து மாட்ரிட்டுக்குக் கிளம்பி உயரே ஏறிக்கொண்டிருந்த ஐபீரியா 6830. நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340. இரண்டிரண்டாகச் சேர்ந்து தெரிந்த எஞ்சின்கள்தான் அந்த ஒளிப்பொட்டுகள். பீறிட்டது, நம் ஊரில் பிள்ளைகள் "ராக்கெட் போகுது" என்று அண்ணாந்து காட்டும் அதே வெண்கோடு. ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பொருளின் தூரத்தையும் உயரத்தையும் கண்ணால் கணித்துச் சொன்னார்கள். சொன்ன இடத்தில், சொன்ன உயரத்தில் எதுவும் இல்லை. ரேடார் சரியாகவே 'இல்லை' என்றது. வெறும் வானத்தில் கண்ணால் தூரம் கணிக்க எவ்வளவு அனுபவமும் உதவாது. பக்கத்தில் ஒப்பிட ஒரு பனைமரமாவது வேண்டும்.

கோ ஃபாஸ்ட்டுக்கு அப்படி ஒரு விமான எண் கிடைக்கவில்லை. பலூனாக இருக்கலாம், பறவையாகக்கூட இருக்கலாம். 2004-இல் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானி டேவிட் ஃப்ரேவர் விசித்திரமான பறக்கும் பொருள் ஒன்றைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்ன சம்பவத்தை இந்தக் கணக்கு தொடவும் இல்லை. அதற்குத் தனியாக அதன் சான்றுகளைப் பார்க்க வேண்டும். நான் இங்கே மறுப்பது அசுர வேகத்தையும் கடலுரசலையும்தான். அவை இரண்டும் அந்தக் காணொலியில் இல்லை.

காணொலியை அனுப்பிய பையன் அன்று மாலை கணக்கு நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து, தனக்கு அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினான். பதில் வந்ததா என்று மறுநாள் கேட்டேன். "வந்துச்சு சார். சைன் 26 எப்படி 0.438 ஆகுதுன்னு கேட்டிருக்காங்க" என்றான். உட்கார்ந்து ஒரு செங்கோண முக்கோணம் வரைய ஆரம்பித்திருந்தான்.