சத்திரத்துச் சோறு

சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போதெல்லாம் ஊர்ப்பெயரின் பின்பாதி என்னைச் சீண்டும். சத்திரம் என்றால் வழிப்போக்கருக்குச் சோறும் படுக்க இடமும். அந்த ஊரில்தான் 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். சிஐடியு துணையோடு தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டார்கள். நடுவில் காவல்துறை போராட்டப் பந்தலைப் பிரித்தது. ஆனாலும் 37 நாள் நின்றார்கள். பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது.

37 நாள் என்றால் ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய், அடுத்த மாதத்திலும் துண்டு விழுந்தாயிற்று. கேன்டீன் சாப்பாடும் இல்லை. (250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைக்குக் கேன்டீன் வேண்டும் என்று அரசு விதிக்க, அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வழி வைத்திருந்தது. முதலாளி வைக்கும் விருந்தல்ல அது.) எப்படித் தாக்குப்பிடிப்பது? பாதி சங்கத்தின் உறுதி, பாதி வீட்டு அடுப்பு என்பேன். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வரும் ரேஷன் அரிசி, மளிகைக்கடைக் கடன் நோட்டு, மாமியார் வீட்டிலிருந்து வரும் பருப்பு. இலவசம் ஆளைச் சோம்பேறியாக்கும் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

சோற்றுக்கும் சங்கத்துக்கும் உறவு பழையது. 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது, பக்கிங்காம் கர்னாட்டிக் மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று மதியச் சோற்றுக்கு நேரம் போதவில்லை என்பது.

ஆனால் வீட்டு அடுப்பு எல்லோருக்கும் பக்கத்தில் இல்லை. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் செத்துவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியதும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது.

அந்தக் கோபத்துக்கு எந்தச் சங்கமும் தேதி குறிக்கவில்லை. ஒரு ராத்திரி சாலையில் உட்கார முடிந்தது. 37 நாள் முடியுமா? வேலையை விட்டால் கட்டிலும் தட்டும் சேர்ந்தே போகும். விடுதிப் பெண்ணின் பெயர் ஏறிய ரேஷன் அட்டை ஊரில், அம்மாவின் மஞ்சள் பையில் இருக்கிறது.