கல்லீரல் ஸ்கேன் படத்தைக் கணினி பார்ப்பது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வயிற்று ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) படத்தைப் பார்த்து, கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு, தழும்பு உண்டா, கட்டி தெரிகிறதா என்று சொல்லும் மென்பொருள்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஸ்கேன் மருத்துவர்களும் கல்லீரல் மருத்துவர்களும் சேர்ந்த எங்கள் சங்கம் இவற்றை எதிர்க்கவில்லை. மருத்துவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மென்பொருள் தந்த எண்ணை மட்டும் அச்சடித்து, ரிப்போர்ட் என்று நோயாளி கையில் கொடுக்கக் கூடாது.

கொழுப்பு சேர்ந்த கல்லீரல் ஸ்கேனில் வெளுத்துத் தெரியும். எவ்வளவு வெளுப்பு என்பதை வலது சிறுநீரகத்தின் புறப்பகுதியோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். ஒரே படத்தை ஒருவர் கிரேடு 1 என்பார், இன்னொருவர் கிரேடு 2 என்பார். மென்பொருளோ இரண்டு இடத்தின் வெளிச்சத்தையும் அளந்து விகிதமாகச் சொல்லிவிடும். அதே படத்தை நூறு தடவை கொடுத்தாலும் அதே விடைதான் வரும். இது நல்ல குணம், மறுக்கவில்லை.

சிக்கல் படத்தில் இருக்கிறது. வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் ப்ரோபைப் பிடிக்கும் கையும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைத் திருகும் விரலும்தான் அந்தப் படத்தை உண்டாக்குகின்றன. ஆழத்துக்கு ஏற்ற கெயின் கட்டைகளில் ஒன்றை நகர்த்தினால் போதும், கல்லீரல் ஒரு வெளுப்பிலும் சிறுநீரகம் வேறு வெளுப்பிலும் வரும், விகிதம் மாறிவிடும். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்குச் சிறுநீரகமே வெளுத்திருக்கும். அவருடைய கல்லீரலில் கொழுப்பு நிறைய இருந்தாலும் விகிதம் நார்மல் என்று காட்டக்கூடும். சிறுநீரகத்தையும் கெடுக்கும் சர்க்கரை நோய் மிகுந்த நம் ஊரில் இது அபூர்வமான நிலைமை அல்ல. படத்தைப் பார்க்கும் மருத்துவர் சிறுநீரகத்தைக் கண்டதும் சுதாரித்துக்கொள்வார். மென்பொருள் சுதாரிக்குமா என்று விற்க வருபவரிடம் கேளுங்கள்.

ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கல்லீரல் செல்களில் மட்டும் கொழுப்பு இருந்தால் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் பிடிபடாது. ஆகவே 'நார்மல்' என்பது முழு நற்சான்று ஆகாது. அதைவிட முக்கியம் தழும்பு. கல்லீரல் நோயாளியின் எதிர்காலத்தைக் கொழுப்பின் அளவைவிடத் தழும்பின் அளவே அதிகம் தீர்மானிக்கிறது. ஆரம்பத் தழும்பைச் சாதாரண ஸ்கேன் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி தனியாக உண்டு. வெளுப்பை அளந்துவிட்டுத் தழும்புக்கும் சேர்த்துப் பதில் சொல்வதாக விளம்பரம் செய்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

கட்டி விஷயத்தில் எங்களுக்கு ஆவல் உண்டு. தழும்பு முற்றிய சிரோசிஸ் நோயாளிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறோம். களைத்த கண் தவறவிட்ட ஒரு சிறு முடிச்சை மென்பொருள் சுட்டிக்காட்டினால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். ஆனால் உதரவிதானத்துக்குக் கீழே, விலா எலும்பும் நுரையீரலும் மறைக்கும் கல்லீரலின் மேற்பகுதிக்கு ப்ரோப் போகவே இல்லையென்றால், அங்கே தேடுவதற்குப் படமே இராது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததைக் காட்டி, ஸ்கேனிலும் அப்படியே செய்யலாமே என்கிறார்கள் சிலர். எக்ஸ்ரேயில் ஆள் நிற்கும் நிலையும் தூரமும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். ஸ்கேன் அப்படியல்ல.

2020இலிருந்து மருத்துவ மென்பொருளும் இந்தியச் சட்டப்படி மருத்துவக் கருவிதான். உரிமம் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். எந்தக் கம்பெனி மெஷினின் படங்களில், எந்த நாட்டு மக்களிடம் சோதித்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒல்லியானவர்களுக்கும் ஃபேட்டி லிவர் வரும் நாடு இது. படத்தின் மூலையில் இருக்கும் நோயாளியின் பெயரை நீக்காமல், மென்பொருளுக்காகப் படத்தை வெளியே அனுப்பாதீர்கள்.

எங்கள் உறுப்பினர்கள் படத்தைத் தாங்களே பார்த்து, மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் ரிப்போர்ட்டில் குறித்து, கையெழுத்திட வேண்டும். இலவச முகாம்களில் மருத்துவர் இல்லாமல் எண்ணை மட்டும் கொடுப்பதில் பங்கெடுக்கக் கூடாது. பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரிப்போர்ட்டில் மருத்துவரின் கையெழுத்து இல்லையென்றால், படத்தைப் பார்த்தது யார் என்று அங்கேயே கேளுங்கள்.