பயிற்சி பெற்ற கைகளை வெளியே அனுப்புவதா?

ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை என்று கூறி, கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேரிடரில் உருவான ஒரு பயிற்சி பெற்ற படையைத் தமிழ்நாடு அரசே கலைத்துவிட்டது. செவிலியர் படிப்பை வகுப்பறையில் முடித்துவிடலாம். ஆனால் மூச்சுத் திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும்போது, தொண்டையில் செருகிய குழாய் நழுவாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்டுவது கையில் படிய வேண்டிய வேலை. ஆக்சிஜனை எப்போது கூட்டுவது, தொற்று ஒட்டாமல் முழுக்கவச உடையை எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் இவர்கள் 14 ஆயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில், உயிரைப் பணயம் வைத்துக் கற்றார்கள். அந்தப் பயிற்சியை எந்த முகாம் நடத்தியும் திரும்பப் பெற முடியாது.

தற்காலிகம் என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். உத்தரவில் அப்படித்தான் இருந்தது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் தேவை தற்காலிகமானதல்ல. இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி பின்பற்றப்படவில்லை என்பது அடுத்த காரணம். அதைப் பின்பற்றியிருக்க வேண்டியவர்கள் நியமித்தவர்கள்; அவர்கள் தவறுக்குத் தண்டனை செவிலியருக்கா? 18 ஆயிரம் ரூபாயில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போன்ற திட்டங்களில் மாற்றுப்பணி தருகிறோமே என்றும் சொன்னார்கள். வீடு தேடிச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது மதிப்பான பணிதான். ஆனால் அதுவும் ஒப்பந்தம்தான். வென்டிலேட்டர் அருகே நின்று பழகிய திறமைக்கு அங்கே வேலையும் இல்லை.

இது புதிய பழக்கமும் அல்ல. 2015-இல் 7,700 ரூபாய்க்குச் செவிலியர்களை எடுத்து, இரண்டாண்டில் காலமுறை ஊதியம் என்று சொன்னவர்கள் சொன்னபடி செய்யவில்லை. 2017 நவம்பரில் அந்தச் செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் இரண்டாயிரம் மினி கிளினிக்குகளை அறிவித்து ஒப்பந்த ஊழியர்களைச் சேர்த்தார்கள். ஓராண்டு கடந்ததும் அவற்றுக்கு மூடுவிழா. ஆட்சி மாறினாலும் கோப்பில் எழுதும் கை மாறவில்லை. நெருக்கடி வந்தால் கெஞ்சி அழைப்பதும், தணிந்தால் கதவைச் சாத்துவதுமே இவர்களுக்குத் தெரிந்த மனிதவளக் கொள்கை. அடுத்த தொற்று வரும்போது எந்த முகத்தோடு இந்தச் செவிலியர்களை அழைப்பார்கள்? பணிநீக்கத்தை உடனே திரும்பப் பெற்று, இவர்களை நிரந்தரப் பணிக்குள் கொண்டுவர அரசு ஒரு வழி கண்டாக வேண்டும்.