ஸ்வெட்டருக்கு மேலே பெல்ட்: மிளகுப் பருவமும் மரம் ஏறுவோர் பாதுகாப்பும்

கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி, கூடலூர் பகுதிகளில் இது மிளகு பறிக்கும் காலம். பனி விலகும் முன்பே ஏணியும் சாக்குப்பையுமாக ஆட்கள் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர், உடம்பில் கம்பளி ஸ்வெட்டர். சேஃப்டி பெல்ட் மட்டும் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. பெல்ட் போட்டிருப்பவர்களிலும் பலர் அதைத் தவறாகவே போட்டிருக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரம் பற்றியது. இனி மரம் ஏறுபவருக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டதா என்று விவசாயிகள் சிலர் கேட்கிறார்கள். பெரிய எஸ்டேட்டில் வேலை செய்பவருக்கு ஓரளவு உண்டு. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலக்காய் ஆகியவை 5 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது சட்டத்தின் பார்வையில் தோட்டம். பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் இடங்களைத்தான் இந்தத் தொகுப்பு கணக்கில் எடுக்கிறது. கொல்லிமலையில் இரண்டு ஏக்கரில் காப்பிக்கு நடுவே சில்வர் ஓக் வைத்து, அதில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பவர் இதற்குள் வரமாட்டார். அவரிடம் நாள் கூலிக்கு வரும் இரண்டு ஆட்களும் வரமாட்டார்கள்.

சமவெளியிலும் இதே நிலைதான். நான் வசிக்கும் சென்னை மந்தைவெளியில், பழைய வீடுகளை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த தென்னைகள் இன்னும் நிற்கின்றன. காய் வெட்ட வருபவர் காலில் கயிற்று வளையம் மாட்டி ஏறுகிறார். அவர் யாருக்கும் ஊழியர் இல்லை. மரத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். ஆய்வாளர் எவரும் வந்து பார்க்கப் போவதில்லை. அந்தப் பொறுப்பு மரத்துக்குச் சொந்தக்காரரிடம்தான் வந்து சேர்கிறது.

6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுகிறார். 15 மீட்டர் என்றால் 60 கி.மீ.க்கு மேல். இதைத் தடுக்க இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும்போது முழு எடையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் விழும். தலைகீழாகக் கவிழ்ந்து பெல்ட்டிலிருந்து நழுவவும் வாய்ப்பு உண்டு. தோள், மார்பு, இரு தொடைகள் எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். வாங்கும்போது அதில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கம்பளிக்கு வருவோம். மலைக் குளிரில் கம்பளி நல்ல உடைதான். பனியில் நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்பு தரும். ஆனால் அது அமுங்கும். காலை 7 மணிக்கு தடித்த ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கிய பெல்ட், 10 மணிக்கு வெயில் ஏறி ஸ்வெட்டரைக் கழற்றியதும் தொளதொளவென்று ஆகிவிடும். அவசரத்தில் அதை அப்படியே மாட்டிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். விழுந்தால் மார்புப் பட்டை நேராகக் கழுத்துக்கு வரும். எனவே உடையைக் கூட்டினாலும் குறைத்தாலும், ஒவ்வொரு முறையும் பட்டைகளைப் புதிதாக இறுக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மடக்கிய கை நுழையக் கூடாது.

இன்னொரு தவறு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் ஸ்வெட்டரை மாட்டுவது. முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் இரும்பு வளையம்தான் கயிறு மாட்டும் இடம். அது துணிக்குள் போய்விட்டால் கயிற்றை வேறு எங்காவது மாட்டத் தோன்றும். ஸ்வெட்டர் உள்ளே, பெல்ட் வெளியே இருக்க வேண்டும். மஃப்ளரும் சால்வையும் மரத்தில் வேண்டவே வேண்டாம். முனை கிளையில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். காதுக்குக் குல்லா போதும். வேட்டியோ லுங்கியோ கட்டியிருந்தால் தொடைப் பட்டை சரியாக உட்காராது, கால்சட்டை அவசியம். மந்தைவெளியில் தென்னை ஏறுபவருக்கும் இது பொருந்தும். கம்பளி இல்லாத ஊரிலும் உடைதான் பெல்ட்டுக்கு முதல் தடை.

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் கடும் குளிரில் கம்பளி உடை அணிந்து, மரத்தில் சிறு மேடை பொருத்தி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவர்கள் அனுபவத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விபத்துகள் பெரும்பாலும் மேடையில் உட்கார்ந்திருக்கும்போது நடப்பதில்லை. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும்தான் நடக்கின்றன. அதனால் மேலே போய்க் கயிறு கட்டுவதை விட்டு, தரையிலிருந்தே கயிற்றில் இணைந்து ஏறச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மிளகில் இதைச் செய்யலாமா? மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டால் கொடி பிய்ந்துவிடும் என்று விவசாயிகள் சொல்வது நியாயமான புகார். மரத்தில் ஒட்டியிருக்கும் கணு வேர்கள் ஒருமுறை பெயர்ந்தால் மறுபடி பிடிப்பது கடினம். அதற்கு மாற்றாக, கீழிருந்தே ஒரு மெல்லிய நூலை எறிந்து உறுதியான கவையின் மேல் போட்டு, அதன் வழியாகத் தடித்த கயிற்றை இழுத்து, அடிமரத்தில் கட்டலாம். கயிற்றோடு நகர்ந்து, இழுபட்டதும் பிடித்துக்கொள்ளும் கொக்கியை பெல்ட்டில் மாட்டி ஏற வேண்டும். கவையைத் தேர்வதில் எச்சரிக்கை தேவை. சில்வர் ஓக் கிளை சுலபமாக முறியக்கூடியது. தண்டோடு சேர்ந்த தடித்த கவை இல்லாத மரத்தில் இந்த முறை வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, மரத்தையே உயர விடாமல் இருப்பது. தாங்கு மரத்தைக் கவாத்து செய்து மிளகுக் கொடியை சுமார் 6 மீட்டருக்குள் வைத்திருந்தால் பறிப்பு ஏணியோடு முடிந்துவிடும். ஆனால் சில்வர் ஓக் தடிக்கு விலை இருப்பதால் யாரும் நுனியை வெட்ட மனம் வைப்பதில்லை. மரம் உயர உயர, கொடியும் பின்னால் ஏறிக்கொண்டே போகிறது. தடியில் வரும் வருமானத்தைக் கணக்கிடுபவர்கள், பறிக்கும் கூலி ஏறுவதையும் ஆபத்தையும் அதே தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. கல்யாண முருங்கையில் கொடி ஏற்றியவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அலுமினிய ஏணி வைத்திருப்பவர்கள் மின்கம்பி அருகே அதை நிமிர்த்தவே கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இப்படி மின்சாரம் தாக்கி உயிர்கள் போயிருக்கின்றன.

பெல்ட் ஒருவரைத் தடுத்து நிறுத்தியதும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தொங்குபவர் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றில் கால் வைக்க ஒரு வளையம் இருந்தால் அதில் ஏறி நிற்கலாம். கீழே எப்போதும் ஒருவர், கையெட்டும் தூரத்தில் இன்னொரு ஏணியோடு இருக்க வேண்டும். கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் ஆம்புலன்ஸ் கீழே இறங்க முடியும். ஆகவே ஆளை மரத்திலிருந்து இறக்குவது தோட்டத்தில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பூச்சிமருந்து வைக்கும் அறையிலும் வெயிலிலும் அதைத் தொங்கவிட வேண்டாம். நைலான் நார் வெளியே தெரியாமலே உளுத்துவிடும்.

காப்பீட்டிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா திட்டம் தென்னை ஏறுபவர்களுக்கும் நீரா இறக்குபவர்களுக்கும் உண்டு. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. மிளகு பறிப்பவருக்கு அப்படி ஒன்று இல்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழுமையாக முடங்கினாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் கிடைக்கும். மருத்துவமனைச் செலவு இதில் வராது. இந்த 20 ரூபாய் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுவது மே மாதக் கடைசியில். அப்போது கணக்கில் பணம் இல்லாததால் காப்பீடு விட்டுப்போனவர்கள் பலர். பறிப்புக்கு ஆள் பேசும்போதே அவர்களுடைய பாஸ்புத்தகத்தை வாங்கி, இந்த ஆண்டு 20 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.