பின் ஸீட்டின் தீர்ப்பு

சென்ற மாதம் எங்கள் சீட்டு முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்தது. பணம் வருவதற்குப் பத்து நாள் முன்பே செலவு வந்து வாசலில் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாத சமாசாரமா? மழைக்கு ஒழுகும் மாடி அறையைச் சரி செய்ய வேண்டும் என்று நான் சொல்லிக் கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரரோ, தூரப் பிரயாணத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"நம்மிடம்தான் ஒன்று இருக்கிறதே!" என்றேன்.

"அது ஊருக்குள் போய் வர. இது காஞ்சிபுரம், வேலூர் என்று போய் வர. இரண்டும் இருக்கட்டுமே!" என்றார்.

இருப்பது ஒரு புல்லட். எங்களுக்குக் கல்யாணமான 1998-ஆம் வருஷம் வாங்கியது. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பெற்று வளர்த்த வம்சம் அது. இவர் கண் வைத்த 'மீட்டியார் 350' அதே வம்சத்துப் பேரன். 2020 நவம்பரில் வெளிவந்தது. விலை, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். மாடி அறை அதில் அடியோடு மறைந்து விடும்.

இப்போதெல்லாம் ஓட்டிப் பார்க்க வண்டியை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். "பின்னால் நானும் உட்காருவேன். முதலில் நம் வண்டியில், பிறகு புதியதில். இரண்டும் ஒரே சாலையில்" என்றேன். கடையிலிருந்து வந்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பின் ஸீட்டிலிருந்து பரீட்சை வைக்க வந்தவர்களை அவன் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

திருமழிசையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. அங்கே மோட்டார் பந்தயத் திடல் ஒன்று இருக்கிறது. வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்பது அவர்கள் கவலை. எப்படி நிற்கும் என்பது என் கவலை.

முதலில் எங்கள் புல்லட். அதைக் கிளப்புவதே ஒரு பூஜை. விளக்குக்கு மேலே உள்ள அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சின்ன நெம்பு ஒன்றை அழுத்திப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்து, பிறகு ஓர் உதை. நான் வழக்கம் போல் புடவையில், ஒரு பக்கமாகக் கால் போட்டு, ஒரு கையால் அவர் தோளைப் பற்றி உட்கார்ந்தேன். அகலமான ஸீட், அதற்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் அறுபதைத் தாண்டியதும் பாதத்திலிருந்து பல் வரை ஒரு நடுக்கம். இறங்கிய பிறகும் கால் மணி நேரம் உள்ளங்கால் இரைந்து கொண்டிருந்தது.

தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. இவர் பிரேக் போட்டார். வண்டி நின்று விட்டது, நான் நிற்கவில்லை! வழுக்கிக் கொண்டு போய் அவர் முதுகில் மோதி, ஒரு கால் தரையைத் தேய்த்த பிறகுதான் நின்றேன். குற்றம் வண்டியுடையதல்ல. ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் மட்டும் பிடித்திருந்தால் உடம்பை எதுதான் தடுக்கும்? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சுடிதாருக்கு மாறினேன். "இந்த வயசிலா?" என்றார் என் மாமியார். "இந்த வயசில் விழுந்தால் எலும்பு கூடாது, அத்தை!" என்றேன். அவர் மேலே பேசவில்லை.

இப்போது மீட்டியார். ஒரு பொத்தானை அழுத்தினால் கிளம்பி விடுகிறது. 191 கிலோ எடை. ஆனால் ஸீட்டின் உயரம் 765 மில்லிமீட்டர்தான். கால் தரையில் நன்றாக ஊன்றுகிறது என்று இவருக்கு ஒரே சந்தோஷம். இஞ்சின் ஏறக்குறைய அதே அளவு. பழையது 346 ஸி.ஸி., புதியது 349. ஆனால் அந்த நடுக்கம் மட்டும் பெரும்பாலும் போய் விட்டது. எப்படி என்று கேட்டேன்.

துணி துவைக்கும் யந்திரத்தில் ஈரப் புடவை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தால், பிழியும்போது யந்திரம் என்ன ஆட்டம் ஆடுகிறது! எதிர்ப் பக்கத்தில் அதே கனத்துக்கு ஒரு துண்டைப் போட்டால் அடங்கி விடுகிறதல்லவா? பெரிய பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் பாய்வதால் வரும் ஆட்டத்தை அடக்க, எதிர்த்திசையில் சுழலும் கனமான தண்டு ஒன்றைப் புதிய இஞ்சினுக்குள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

பிரேக்கிலும் ஒரு புதுமை. பயத்தில் இறுக்கி அழுத்தினாலும் சக்கரம் ஒரேயடியாகப் பூட்டிக் கொள்ளாமல், கண் இமைப்பதற்குள் பல தடவை தானே விட்டு விட்டுப் பிடிக்கிறது. இதற்கு ஏ.பி.எஸ். என்று பெயர். 125 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரல் முதல் சட்டமே இதைக் கட்டாயமாக்கி விட்டது. டயரில் ட்யூப் கிடையாது. ஆணி குத்தினால் காற்று பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்து விடலாம்.

பின் ஸீட் மட்டும் பழையதைப் போல் அகலமில்லை. ஆனால் நாங்கள் பார்த்த வகையில் முதுகுக்கு ஒரு சாய்மானம் இருந்தது. இரு பக்கமும் கால் போட்டு அதில் சாய்ந்ததும், மகாராணி மாதிரி இருந்தது!

அந்தச் சுகம் ஐந்து நிமிஷம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். புதியதில் கியர் இடது காலில். வலது காலில் இருப்பது பிரேக். இவர் ஏதோ நினைவில், வேகத்தைக் கூட்டுவதற்காக வலது காலை ஓங்கி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது! பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக் கொண்டே விலகிப் போயிற்று. காலையில் வழுக்கியவள் இம்முறை அசையவில்லை. இரண்டு கால்களும் பலகையில், கைகள் பிடியில். ஆனால் இவர் முகம் வெளுத்து விட்டது.

வீடு திரும்பிக் காப்பி குடித்த பிறகு என் தீர்ப்பைச் சொன்னேன்.

"நடுக்கத்திலும் பிரேக்கிலும் புதியதுதான் ஜயித்தது, ஒப்புக் கொள்கிறேன். பழையதற்கு ஏ.பி.எஸ். வாங்கி மாட்ட முடியாது. ஆனால் 'இரண்டும் இருக்கட்டும்' என்பது மட்டும் நடக்காது. காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி என்றால் ஒரே காலுக்கு இரண்டு பாடம். அவசரத்தில் எந்தப் பாடம் நினைவுக்கு வரும் என்று யார் கண்டது? புதியது வருகிற அன்று பழையது போக வேண்டும். இந்தச் சீட்டுப் பணம் மாடி அறைக்கு. அடுத்த சீட்டு முடிவதற்குள் நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்."

கல்யாணத்து வருஷத்து வண்டியாயிற்றே! இரண்டு நாள் இவர் பேசவேயில்லை. மூன்றாம் நாள் மாலை ஒரு பொட்டலத்துடன் வந்தார். உள்ளே எனக்குப் புது ஹெல்மெட். பின்னால் உட்காருபவர்களுக்கும் கட்டாயம் என்று 2015-ல் உத்தரவு வந்தபோது அவசரமாக வாங்கிய என் பழையதில், வார் தளர்ந்து தொங்குவதை அன்றுதான் கவனித்தாராம்! கூடவே, புல்லட்டின் பின் ஸீட்டுக்கு ஒரு சாய்மானக் கம்பி.

சகோதரிகளே, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கப் பலகை, துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் வண்டி வாங்கும்போது கையெழுத்துக்கு முன்னால் நீங்களும் ஒரு முறை ஏறி உட்காருங்கள். போகப் போகிற சாலையிலேயே போய்ப் பாருங்கள். முன் ஸீட்டில் இருப்பவருக்குத் தெரியாதது பின் ஸீட்டுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய புல்லட்டிலேயே, ஐம்பதைத் தாண்டாமல், காஞ்சிபுரம் போய் வந்தோம். எங்கள் ஊரில் அவதரித்த திருமழிசை ஆழ்வார் சொன்னபடி, பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கொண்டு கிளம்பி, திரும்பச் சொன்னதும் திரும்பி வந்து படுத்த பெருமாள் அங்கே இருக்கிறார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று திருநாமம். சந்நிதியில் நின்று இவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். இவர் பெருமாளையே பார்த்துக் கொண்டிருந்தார்.