முதலமடை மாங்காவும் ஜப்பான் மாங்காவும்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வாழும் நமக்கு மாங்காய் என்றதும் முதலமடைத் தோட்டங்கள்தாம் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அதை மாங்கா என்பார்கள். வீட்டுப் பேச்சில் நாமும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் "மாங்கா பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் உப்பையும் மிளகாய்ப் பொடியையும் நினைக்க மாட்டார்கள். அவர்களுக்கு மாங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. அக்கதைகள் திரையில் அசையும் படங்களாக வந்தால் அதற்கு அனிமே என்று பெயர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வீடுகளிலும் சரி, இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பகுதிகளிலும் சரி, இவற்றில் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர்களைக் காணலாம்.

பெற்றோர் நாலு பேர் கூடினால் இதைப் பற்றிக் குறைப்படுகிறார்கள். தோட்டத்து லயத்தில் வசிக்கும் ஒரு தாய் என்னிடம் சொன்னது இது: "சப்பான் எழுத்தை எல்லாம் எழுதுறா சார். போடியில இருக்கிற தாத்தா போட்ட கடுதாசியைக் குடுத்தா, நீயே படிச்சுச் சொல்லும்மாங்கிறா."

இந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் பழி ஜப்பான் மேல் விழுவது சரியல்ல என்பது என் கருத்து.

அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் பேருந்து பிடித்து ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகிறாள். தோழிகளோடு மலையாளம். மாலையில் வீடு திரும்பினால் அம்மாவோடு தமிழ். வீட்டுப்பாடம் முடிந்ததும் கைப்பேசியில் ஒரு பாகம் அனிமே. பேச்சு ஜப்பானிய மொழியில், அடியில் ஓடும் எழுத்து ஆங்கிலத்தில். தோட்டத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் டவுனுக்குப் போகும்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்கிறாள். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் கதைமாந்தர்களை வரைகிறாள். பெரிய கண்கள், காற்றில் பறக்கும் முடி, தோளில் வாள். பாட்டுகளை மனப்பாடமாகப் பாடுகிறாள். பாட்டின் வரிகளைத் தானே படிக்க வேண்டும் என்ற ஆசையில் ஹிராகானா எழுத்துகளைக் கற்றாள். அடிப்படை எழுத்துகள் 46. எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை, பிரம்பும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் அமைந்தன. எல்லை எங்கே விழுந்தாலும் தமிழ் நம் வாயில் நிற்கும் என்று நம் பெரியவர்கள் நம்பினார்கள். வாயில் நின்றுவிட்டது உண்மை, கண்ணில் நிற்கவில்லை. கேரள அரசு தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துகிறது, தமிழில் பாடநூல்களும் அச்சிடுகிறது. இருந்தும் பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றும் வீடுகள் பெருகிவருகின்றன. வேலைக்காகச் செய்கிறோம், அதைக் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பள்ளியில் விட்டதை வீட்டில் ஈடுசெய்தோமா? நம்மில் எத்தனை வீடுகளில் நாட்காட்டித் தாளையும் கல்யாணப் பத்திரிகையையும் தவிரத் தமிழில் அச்சிட்ட காகிதம் இருக்கிறது? அந்த இடம் முன்பே காலியாகத்தான் கிடந்தது. ஜப்பான் கதைகள் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டன.

ஜப்பானியர் தம் பிள்ளைகளுக்குப் படக்கதையை எப்படித் தருகிறார்கள் என்று கவனிப்பது நமக்குப் பயன்படும். அவர்கள் எழுத்துமுறை எளிதானதல்ல. ஹிராகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளோடு, சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகள் வேறு. பொதுப் பயன்பாட்டுக்கென்று அந்நாட்டு அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2136 கன்ஜி உள்ளன. ஆனால் சிறுவர்க்கான மாங்கா இதழ்களில் ஒவ்வொரு கன்ஜிக்குப் பக்கத்திலும் அதை எப்படி உச்சரிப்பது என்று ஹிராகானாவில் சிறியதாக அச்சிட்டிருப்பார்கள். இதற்கு ஃபுரிகானா என்று பெயர். 1968-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் 'ஷோனென் ஜம்ப்' வார இதழிலும் இந்த முறை உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று அறியும் அவசரத்தில் பக்கத்தைப் புரட்டும் பிள்ளை, தெரியாத எழுத்தில் தடுக்கி நிற்பதில்லை. படித்துக்கொண்டே போகையில் எழுத்து பழகிவிடுகிறது.

தமிழிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது, 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியைப் படிப்பதற்காகவே வேகமாக எழுத்துக்கூட்டக் கற்றவர்கள் நம் தலைமுறையில் ஏராளம். அம்புலிமாமாவுக்காக மாதம் முழுதும் காத்திருந்தவர்களும் உண்டு. அன்று நம்மைப் படிக்க வைத்ததும் இதே ஆவல்தான்.

இன்னொரு செய்தி நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. ஜப்பானிய எழுத்துகளின் அகரவரிசையைக் கேளுங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' ஒலித்தது என்பர் மொழியறிஞர். அப்படியானால் நம் வரிசையில் சில எழுத்துகளை நீக்கிப் படித்தது போலவே இருக்கிறதல்லவா? இது தற்செயலானதன்று. பௌத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய ஒலியியல் முறைதான் அவ்வரிசையை அமைத்தது. வாக்கிய அமைப்பும் நமக்கு நெருக்கமானது. "நான் நாளை கோவைக்குப் போகிறேன்" என்பதை "வதாஷி வா அஷிதா கோவை நி இகிமாஸ்" என்பார்கள். நம் 'கு' உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'நி' நிற்கிறது. வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இவ்விரு மொழிகளுக்கும் உறவுண்டு என்றே எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை; ஆகவே உறவு கொண்டாடி மேடையில் முழங்க வேண்டாம். ஆனால் தமிழ் எழுத்து வரிசையை அறிந்த பிள்ளைக்கு ஜப்பானியம் எளிதாகும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஜப்பானியம் கற்கும் ஆசையையே தமிழ் கற்கும் ஆசையாகத் திருப்ப இதைவிட நல்ல வழி வேண்டுமா?

"நம் பண்பாடு என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். 1994-இல் வந்த மலையாளப் படமான 'தேன்மாவின் கொம்பத்து' மறு ஆண்டே தமிழில் 'முத்து' ஆயிற்று. 1998-இல் அந்த 'முத்து' டோக்கியோவில் ஓடி, ரஜினிகாந்துக்கு அங்கே ரசிகர் கூட்டத்தையே உண்டாக்கியது. கேரளத்துக் கதை தமிழ் வழியே ஜப்பானுக்குப் போனதில் நாம் பெருமைப்பட்டோம். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் நாட்டு ராம் மோகனோடு சேர்ந்து 1993-இல் இராமாயணத்தையே அனிமேயாக எடுத்தார். 2025 ஜனவரியில் அது தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. கொடுக்கும்போது மகிழ்ந்த நாம் வாங்கும்போது மட்டும் அஞ்சுவானேன்?

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கச் சொல்லவில்லை. படம் வரைந்திருப்பதால் எல்லாம் குழந்தைகளுக்கானது என்று எண்ணுவது ஆபத்து. வயது வந்தோர்க்கென்றே எடுக்கப்பட்ட, இரத்தமும் ஆபாசமும் நிறைந்த தொடர்களும் அனிமேயில் உண்டு. இரவு இரண்டு மணி வரை விழித்துப் பார்க்கும் பழக்கமும், பொம்மைகளுக்கும் சட்டைகளுக்கும் பணத்தை இறைக்கும் பழக்கமும் கண்டிக்கத்தக்கவையே. கண்டிப்பதற்கு முன் பிள்ளை என்ன பார்க்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது தெரியும்.

ஆகவே பெற்றோர்க்கும் நம் சங்கத்துக்கும் சில வேண்டுகோள்கள். முதலாவது, மாதம் ஒரு படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். தமிழ்க் குரலில் கிடைத்தால் அதையே போடுங்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழிலும் திரைக்கு வந்ததே! தமிழில் பேசினால் அனிமே கெட்டுவிடும் என்று பிள்ளை அடம்பிடித்தால், ஏன் என்று தமிழிலேயே வாதாடச் சொல்லுங்கள். இரண்டாவது, 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்ற ஜப்பானிய நூல் தமிழில் கிடைக்கிறது. 1981-இல் வெளிவந்த அந்நூலைக் கேரளத்தில் பலர் மலையாளத்தில் படித்திருக்கிறார்கள். 2023-இல் அது அனிமே படமாகவும் வந்துவிட்டது. படத்தைப் பார்த்த பிள்ளையிடம் தமிழ் நூலைக் கொடுத்து, இரவில் இரண்டு பக்கம் வீதம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் சங்கத்துக்கு. பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். அதே நாலு பிள்ளைகள் வருகிறார்கள். இம்முறை படக்கதைப் போட்டி ஒன்றைச் சேர்ப்போம். எட்டுக் கட்டங்கள், பேச்சுக் குமிழிகள் முழுதும் தமிழில். கதை நம் ஊர்க் கதையாக இருக்கட்டும்: வாளையாறு சோதனைச் சாவடி, கொளுந்து பறிக்கும் பாட்டி, மறையூர்ச் சந்தனக்காடு, முதலமடை மாந்தோப்பு, எதுவானாலும் சரி. வரைவது ஜப்பானிய பாணியில் இருந்தால் இருக்கட்டும். மாறுவேடப் போட்டியில் பாரதியார், ஔவையார் பக்கத்தில் ஒரு நருட்டோவும் நிற்கட்டும். மேடையில் தன்னைப் பற்றி அவன் தமிழில் நான்கு வாக்கியம் பேசினால் போதும். சங்க நூலகத்தில் ஓர் அலமாரியைப் படக்கதைகளுக்கென்று ஒதுக்குவோம். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாற்பத்தாறு எழுத்துகளை ஆசையினால் கற்ற பெண்ணால் தாத்தாவின் கடிதத்தையும் படிக்க முடியும். அந்த ஆசையைத் தூண்டும்படி அவள் கையில் தமிழில் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதே கேள்வி. தாத்தாவுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.